21 எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்துல கீழ ஓரமா ஒரு பெட்டி போட்டிருந்தீங்க, யாருக்கு எத்தனை குரோமோசோம்னு, மனுஷன் 46, குரங்கு 48, உருளைக்கிழங்கு 48, நாய் 78னு வரிசையா, அதுக்கு அடியிலயே மனுஷனுக்கும் குரங்குக்கும் ரெண்டே ரெண்டுதான் வித்தியாசம் அதனாலதான் ரெண்டு பேரும் இவ்ளோ நெருங்கின சொந்தம்னு ஒரு வரி. பக்கத்துல படம் வேற, கோயில் மதில் மேல உக்காந்து தேங்கா மூடியை நோண்டிக்கிட்டிருக்கிற நம்ம நாட்டுக்குரங்கு. ஏழாவது படிக்கிற என் பேத்தி அதை வெட்டி நோட்டுல ஒட்டிட்டு நேரா என்கிட்ட வந்து, அப்ப குரங்குக்கும் உருளைக்கிழங்குக்கும் வித்தியாசமே இல்லையே, அதுங்க ரெண்டும் அண்ணன் தம்பியா பாட்டின்னு கேட்டா. நியாயமான கேள்வி. உங்க கணக்குப்படி பாத்தா அப்படித்தான் வருது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல ஒரு ஆஸ்பத்திரி ஜெனிட்டிக்ஸ் லேப்ல டெக்னீஷியனா இருந்து ரிட்டயர் ஆனவ. குரோமோசோம், அதான் செல்லுக்குள்ள டிஎன்ஏவை சுருட்டி வச்சிருக்கிற மூட்டை, அதை எண்றதுதான் என் பொழப்பே. அதனால இதைப் படிச்சுட்டு சும்மா இருக்க முடியல, போன்லயே டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

முதல்ல படம். அந்தப் படத்துல இருக்கிற குரங்குக்கு 48 கிடையாது சார், 42. நம்ம ஊரு நாட்டுக்குரங்கு, வால்பாறைப் பக்கம் இருக்கிற சிங்கவால் குரங்கு, வடக்க இருக்கிற ரீசஸ், இலங்கையில இருக்கிற செங்குரங்கு, எல்லாமே மக்காக் குடும்பம், எல்லாத்துக்கும் 42தான். ஆப்பிரிக்காவுல பபூன்னு ஒண்ணு இருக்கே அதுக்கும் 42. 48ங்கிறது சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் இந்த மூணுக்கு, அதுங்க வாலில்லாக் குரங்கு, வேற கிளை. ஏதோ ஒரு புக்குல சிம்பன்சி 48னு இருந்ததை குரங்கு 48னு மாத்தி எழுதிட்டு கையில இருந்த போட்டோவைப் போட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன். சரி, போகட்டும், அது சின்ன தப்பு. பெரிய தப்பு அந்தக் கடைசி வரி. எண்ணிக்கையை வச்சு சொந்தம் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

நாங்க எப்படி எண்ணுவோம்னு சொன்னாத்தான் மிச்சம் புரியும். ஊசியில ரத்தம் எடுத்து மீடியத்துல போட்டு 37 டிகிரியில 72 மணி நேரம் வளர்ப்போம். ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு தானா பிரியாது, அதைக் கிளப்பி விட ஒரு சத்து வேணும், அது ராஜ்மா பயறுல இருந்து எடுக்கிறது. அப்புறம் செல்லு ரெண்டா பிரியப் போற நேரத்துல அப்படியே நிறுத்தி வைக்க கொல்ச்சிசின், அது நம்ம செங்காந்தள் விதையிலயும் இருக்கு, மூலனூர் ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்குன்னு ஏக்கர் கணக்குல போட்டு விதையை ஏற்றுமதி பண்றாங்களே அதேதான். அப்புறம் உப்பு கம்மியான தண்ணியில போட்டா செல்லு பூரி மாதிரி உப்பிக்கும், உள்ள சிக்குன நூல்கண்டு மாதிரி இருக்கிற குரோமோசோமெல்லாம் தனித்தனியா விலகும், மெத்தனாலும் அசிட்டிக் ஆசிடும் ஊத்தி, கையை நல்லா உசத்தி ஸ்லைடு மேல ஒரு சொட்டு விட்டா பரவிக்கும். சொட்டு விடுற உயரத்துல ஒவ்வொருத்தருக்கு ஒரு கைப்பக்குவம். எங்க சீனியரம்மா ஸ்டூல் மேல ஏறி நின்னு விடுவாங்க.

அந்த உப்பு கம்மியான தண்ணி இருக்கே, அது யாரும் யோசிச்சுக் கண்டுபிடிச்சது இல்ல, டெக்சாஸ்ல கால்வெஸ்டன்னு ஒரு ஊர்ல டி.சி.சூன்னு ஒருத்தர் லேப்ல யாரோ ஒரு டெக்னீஷியன் உப்பை அளவு தப்பா போட்டு கலக்கி வச்சதுல வந்தது, 1952ல. யாரு கலக்கினதுன்னு கடைசி வரைக்கும் தெரியல. எங்க கூட்டத்துல இது ரொம்ப பெருமையான கதை. இதுல வேடிக்கை என்னன்னா அவ்ளோ அழகா பிரிஞ்ச செல்லை வச்சுக்கிட்டும் அந்த மனுஷன் 48னுதான் எண்ணினாரு, ஏன்னா 1923ல பெயின்டர்ங்கிறவர் மனுஷனுக்கு 48னு சொல்லிட்டாரு, அப்ப இருந்து எல்லாரும் 48னே பாத்துக்கிட்டிருந்தாங்க. 1956லதான் ஸ்வீடன்ல லுண்ட்ங்கிற ஊர்ல சியோவும் லெவானும் இல்லப்பா 46தான்னு அடிச்சுச் சொன்னாங்க. முப்பது வருஷத்துக்கு மேல உலகமே தப்பா எண்ணியிருக்கு, உங்க பெட்டிச் செய்தியை மட்டும் நான் குத்தம் சொல்லல.

எங்க காலத்துல கம்ப்யூட்டர் கிடையாது. கியெம்சா சாயம் போட்டு கோடு கோடா பேண்டு வர வச்சு, போட்டோ எடுத்து, இருட்டு ரூம்ல கழுவி, அந்தப் போட்டோவுல ஒவ்வொரு குரோமோசோமையும் கத்திரிக்கோலால வெட்டி, ஜோடி சேத்து, பெருசுல இருந்து சின்னதுக்கு வரிசையா 1ல இருந்து 22 வரைக்கும் நம்பர் போட்டு, கடைசியில எக்ஸ், ஒய் வச்சு, அட்டையில ஒட்டுவோம். ஃபேனைப் போட்டா பறந்துரும், மே மாசத்துல வேர்வை சொட்டச் சொட்ட உக்காந்து ஒட்டணும். தினம் எதுக்காக வெட்டினோம்னா முக்காவாசி 21க்காக. டவுன் சின்ட்ரோம் குழந்தைக்கு 21 மூணு இருக்கும், 1959ல இருந்து தெரிஞ்ச விஷயம். அதனால எந்த செல்லைப் பாத்தாலும் என் கண்ணு முதல்ல போறது அந்தக் குட்டியூண்டு 21க்கும் 22க்கும்தான். தலை குட்டையா, ஒரு பக்கம் மட்டும் கால் நீட்டிக்கிட்டு, கூட்டத்துல சின்னப் பிள்ளைங்க மாதிரி நிக்கும்.

ஒரு நாள் ஒரு ஆராய்ச்சி மாணவர் எங்க டாக்டருக்குத் தெரிஞ்சவர், ஒரு பொட்டி ஸ்லைடு கொண்டு வந்து அக்கா கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கன்னு கொடுத்தாரு, என்னதுன்னு சொல்லல. எண்ணினேன், 42 வந்துச்சு. செல்லு உடைஞ்சு நாலு எங்கயோ போயிருக்கும்னு அடுத்த செல்லு பாத்தேன், 42. அதுக்கடுத்தது 42. அப்புறம்தான் கவனிச்சேன், 21, 22 ரெண்டையும் காணோம். அந்த சைஸ்ல குட்டை உருப்படியே கிடையாது, எல்லாமே ரெண்டு பக்கமும் கை கால் இருக்கிற ஆளுங்களா இருக்காங்க. அதுல ஒரு ஜோடி மட்டும் நடுவுல ஒரு இடத்துல மிட்டாய் பாகை இழுத்தா நூலா வருமே அந்த மாதிரி மெலிஞ்சு தொங்குது. இது மனுஷனே இல்லையேன்னேன். சிரிச்சுட்டு, ரீசஸ் குரங்கு அக்கான்னாரு. அந்த நூல் இழுத்த ஜோடி மக்காக், பபூன் கூட்டத்துக்கே அடையாளம்னு அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்.

அப்ப 21 எங்க போச்சு? காணாமப் போயிருக்க முடியாது, அதுல இருக்கிற ஜீன் இல்லாம ஒரு பிராணி உசுரோட இருக்காது. வேற எதோடயோ ஒட்டிக்கிட்டிருக்கணும். பேண்டை வச்சு நாங்க யூகிச்சோம், ஆனா கோட்டை மட்டும் பாத்து சொல்றது அந்தக் காலத்து கைரேகை ஜோசியம் மாதிரி, சில இடத்துல கரெக்டா வரும் சில இடத்துல கண்ணு ஏமாத்திரும்.

1990 வாக்குல ஜெர்மனியில வீன்பெர்க்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் இதுக்கு ஒரு வழி பண்ணாங்க. மனுஷக் குரோமோசோம் ஒவ்வொண்ணையும் தனியா பிரிச்சு, அதுல ஒளிர்ற சாயத்தை ஏத்தி, அதைக் குரங்கோட ஸ்லைடு மேல ஊத்திர்றது. டிஎன்ஏ அதோட ஜோடியைத் தேடிப் போய் ஒட்டிக்கும், மனுஷனுக்கும் ரீசஸுக்கும் டிஎன்ஏ எழுத்து கிட்டத்தட்ட 93 சதவீதம் ஒத்துப் போகுது, அதனால நல்லாவே ஒட்டும். மனுஷனோட 21ஐ ஊத்துனா குரங்குல எந்த இடம் பளிச்சுன்னு எரியுதோ அதுதான் அங்க 21. குரோமோசோம் பெயிண்டிங்னே பேரு. இப்படி 22 நம்பரையும் எக்ஸையும் ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்து ஒரு மேப் போட்டாங்க.

அந்த மேப்ல 21 எங்க இருந்துச்சு தெரியுமா, 7 கூட ஒட்டிக்கிட்டு. 22 போய் 20 கூட ஒட்டிக்கிட்டு இருக்கு. 14ம் 15ம் ஒரே குரோமோசோமா இருக்கு. நம்மளோட பெரிய 2ம் நம்பர் இருக்கே அது அங்க ரெண்டு துண்டா தனித்தனியா இருக்கு. இப்ப கணக்கு போடுங்க, பேத்திக்கு நான் சாக்பீஸ்ல தரையில போட்டுக் காட்டின கணக்கு இது. நமக்கு 23 ஜோடி. 2ம் நம்பரை ரெண்டா வெட்டுனா 24. 7ம் 21ம் சேந்தா 23. 20ம் 22ம் சேந்தா 22. 14ம் 15ம் சேந்தா 21 ஜோடி. இருவத்தொண்ணு ரெண்டு 42. சரியா வந்துருச்சு பாருங்க! எதுவும் கூடல எதுவும் குறையல, அதே சரக்குதான், மூட்டை கட்டின விதம்தான் வேற.

இதை வச்சு சொந்தம் எப்படிச் சொல்றதுன்னா, நம்ம ஊரு நிலத்தை வச்சு யோசிங்க. ஒரு தாத்தாவோட நிலம் பாகம் பிரிஞ்சு பேரன் பேத்திகிட்ட வந்திருக்கு. ஒருத்தர்கிட்ட நாலு பத்திரம் இன்னொருத்தர்கிட்டயும் நாலு பத்திரம்னா அவங்க ரெண்டு பேரும் ஒரே வீடுன்னு எந்த விஏஓவாவது சொல்வாரா? எந்த சர்வே நம்பர் எதோட சேந்து ஒரே பட்டாவுல இருக்குன்னு பாப்பாரு, அதைத் தாய்ப்பத்திரத்தோட வச்சுப் பாப்பாரு. தாய்ப்பத்திரத்துலயே சேந்து இருந்த நம்பர் இன்னைக்கும் சேந்து இருந்தா அதுல ஒண்ணும் விசேஷம் இல்ல. தாய்ப்பத்திரத்துல இல்லாத ஒரு சேர்க்கை, 7 கூட 21 மாதிரி ஒரு வினோதமான சேர்க்கை, ரெண்டு பேரு பட்டாவுல ஒரே மாதிரி வந்திருந்தா அவங்க ரெண்டு பேரும் அந்த சேர்க்கை நடந்த அப்புறம் பிரிஞ்ச வீடு. அவ்வளவுதான், மொத்த விஷயமும்.

தாய்ப்பத்திரம் எதுன்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. தூரத்து சொந்தத்தைப் பாக்கணும். 14ம் 15ம் சேந்து இருக்கிறது மக்காக்ல மட்டும் இல்ல, தென் அமெரிக்கக் குரங்குங்கள்லயும் இருக்கு, அட, பூனையிலயே இருக்கு சார். அப்ப அது ரொம்பப் பழைய சேர்க்கை, பிரிச்சது யாருன்னா நம்ம பக்கம், அதாவது சிம்பன்சி, கொரில்லா, மனுஷன் வந்த கிளை. 21ம் அப்படித்தான், அதோட பூர்வீக வீடு 3ம் நம்பர். தென் அமெரிக்கக் குரங்குங்கள்ல இன்னைக்கும் 3 கூடத்தான் இருக்கு. ஆசியா ஆப்பிரிக்கா பக்கத்துக் கிளையில 3ஐ விட்டு தனியா வந்துச்சு. நம்மகிட்ட தனிக்குடித்தனமாவே இருந்துருச்சு. மக்காக், பபூன் வீட்டுல 7 கூட போய்ச் சேந்துச்சு. இலை தின்னுற மந்திக் கூட்டத்துல, அதாவது ஆப்பிரிக்காவோட கொலோபஸ், நம்ம பக்கத்து மந்திங்க, அந்தப் பக்கத்துல பெயிண்ட் அடிச்சுப் பாத்த இனங்கள்ல அது 22 கூடச் சேந்திருக்கு. 21ங்கிற ஒரே ஒரு குட்டிக் குரோமோசோமைப் பின்னாடியே பிடிச்சுக்கிட்டுப் போனா பாதி வம்சாவளி தெரிஞ்சுரும். முப்பது வருஷம் அதையே தேடின எனக்கு இதைப் படிச்சப்ப புல்லரிச்சுப் போச்சு.

நம்ம பழைய பாட்டுகள்ல குரங்கு வேற முசு வேறன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, முசுன்னா இந்த நீள வால் மந்தி. மொகத்தையும் வாலையும் பாத்துப் பிரிச்சது. ஸ்லைடுலயும் அது வேற இது வேறதான், மந்திங்களுக்குப் பெரும்பாலும் 44.

இப்படி எல்லாக் கிளையையும் வச்சுப் பின்னாடி போய்ப் பாத்தா ஆசியா ஆப்பிரிக்காக் குரங்குங்களுக்கும் நமக்கும் சேத்து ஒரு பொதுப் பாட்டன் இருந்திருக்கணும், அதுக்கு எத்தனைன்னா 46. அவசரப்படாதீங்க, நம்ம 46 இல்ல அது. அந்த 46ல 14ம் 15ம் பிரிஞ்சு 48 ஆச்சு, அப்படியே சிம்பன்சி கொரில்லாகிட்ட நின்னுருச்சு, அதுல ரெண்டு துண்டு சேந்து நம்ம 2ம் நம்பர் ஆகி மறுபடியும் 46க்கு வந்தோம். இன்னொரு பக்கம் அதே 46ல ரெண்டு சேர்க்கை நடந்து மக்காக்குக்கு 42. பாட்டனுக்கும் 46 பேரனுக்கும் 46, ஆனா பத்திரம் வேற வேற. உங்க பெட்டி மாதிரி எண்ணிக்கையை மட்டும் போட்டா இந்தக் கதையே காணாமப் போயிருது.

2ம் நம்பர் ரெண்டு துண்டு சேந்ததுங்கிறது யாரோ கணக்குக்காக சொன்னது இல்ல. குரோமோசோம் ரெண்டு நுனியிலயும் ஷூ லேஸ் முனையில பிளாஸ்டிக் இருக்கும்ல அந்த மாதிரி ஒரே ஆறு எழுத்து திரும்பத் திரும்ப வர்ற பகுதி இருக்கும், அது நுனியிலதான் இருக்கணும், நம்ம 2ம் நம்பர்ல நடு உடம்புல ஒரு இடத்துல அந்த நுனி எழுத்து ரெண்டு நேருக்கு நேர் முட்டிக்கிட்டு நிக்குது, 1991ல கண்டுபிடிச்சாங்க. வேலை செய்யாத ரெண்டாவது இடுப்பு (குரோமோசோம் ஒடுங்கி இருக்கிற இடம், சென்ட்ரோமியர்னு பேரு) ஒண்ணும் தேஞ்சு போய் கிடக்கு. வீட்டை இடிச்சு ஒண்ணா ஆக்கினாலும் பழைய வாசப்படி செவத்துல தெரியும்ல அப்படி.

குரோமோசோம் ரெண்டு ஒட்டிக்கிறதெல்லாம் நடக்கிற காரியமான்னு சிலர் கேக்குறாங்க, என் சொந்தக்காரங்களே கேட்டிருக்காங்க. நடக்கிற காரியம்தான், நான் கண்ணால பாத்திருக்கேன். நம்மள்ல ஏறக்குறைய ஆயிரத்துல ஒருத்தருக்கு ரெண்டு குரோமோசோம் ஒட்டி 45தான் இருக்கும், 13ம் 14ம் ஒட்டுறதுதான் ரொம்ப அதிகம், அவங்க ஜம்முனு இருப்பாங்க, ஆபீஸ் போவாங்க, பைக் ஓட்டுவாங்க, தனக்கு 45தான்னே தெரியாது. கரு திரும்பத் திரும்ப கலைஞ்சு போய் டாக்டர் எங்ககிட்ட அனுப்பினாத்தான் தெரியும். அந்த ரிப்போர்ட்டை டைப் பண்றப்பெல்லாம் 45னு அடிச்சுட்டு ஒரு நிமிஷம் கை நிக்கும். 46 இருந்தாத்தான் மனுஷன்னு உங்க பெட்டி சொல்ற மாதிரி வச்சுக்கிட்டா அவங்களை என்னன்னு சொல்றது?

எண்ணிக்கை எவ்ளோ ஏமாத்தும்னு இன்னும் கொஞ்சம் சொல்லிர்றேன். பிரேசில்ல அணில் சைஸ்ல மார்மோசெட்னு ஒரு குட்டிக் குரங்கு, அதுக்கு 46, கரெக்டா நம்ம எண்ணிக்கை. ஆனா அது நம்மளை விட்டுப் பிரிஞ்சு கிட்டத்தட்ட 4 கோடி வருஷம் ஆச்சு. அதே தென் அமெரிக்காவுல டிட்டிக் குரங்குல ஒரு வகைக்கு வெறும் 16, குரங்கு ஜாதியிலயே கம்மி அதுதான், வேற சில டிட்டி வகைகளுக்கு 50 வாக்குல. கிப்பன்ல பாருங்க, அஸ்ஸாம் பக்கம் இருக்கிற ஹூலாக்குக்கு 38, மத்த கிப்பன்களுக்கு 44, 50, 52னு ஆளுக்கு ஒண்ணு. குரங்கை விடுங்க, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில திரியிற கேளையாடு, நாய் மாதிரி குரைக்குமே அந்தச் சின்ன மான், அதுல பொட்டைக்கு 6, கடாவுக்கு 7, அதோட சீனாக்காரப் பங்காளிக்கு 46.

சரி இதெல்லாம் தெரிஞ்சு யாருக்கு என்ன லாபம்னு கேக்குறவங்களுக்கு ஆந்தைக் குரங்கு கதை. தென் அமெரிக்காவுல ராத்திரியில மட்டும் நடமாடுற, முட்டைக்கண்ணு குரங்கு. மனுஷனுக்கு வர்ற மலேரியா இதுக்கும் வரும்னு தெரிஞ்சு 1960கள் கடைசியில இருந்து லேப்கள்ல நிறைய வளர்த்தாங்க. எல்லாம் ஒரே இனம்னு நினைச்சு ஒண்ணாப் போட்டாங்க. குட்டி சரியா நிக்கல. மருந்து சோதனையிலயும் ஒண்ணுக்கு ஒரு மாதிரி இன்னொண்ணுக்கு வேற மாதிரி வருது. கடைசியில குரோமோசோம் பாத்தா ஒண்ணுக்கு 46, ஒண்ணுக்கு 54, இன்னொண்ணுக்கு 52ன்னு கலந்து கட்டி இருக்கு, ஒரு வகையில ஆணுக்கு 49 பெண்ணுக்கு 50, ஏன்னா ஒய் குரோமோசோம் இன்னொண்ணோட ஒட்டிக்கிச்சு. பாக்க எல்லாம் ஒண்ணு, உள்ள வேற வேற. 1983ல ஹெர்ஷ்கோவிட்ஸ்ங்கிறவர் அதை ஒன்பது இனமாப் பிரிச்சாரு. இதைத்தான் சொல்றேன், எண்ணிக்கை வேஸ்ட்னு நான் சொல்லல, வேற வேற ஆளுங்கன்னு எச்சரிக்க அது உதவும், யாருக்கு யாரு நெருக்கம்னு சொல்ல உதவாது.

அந்த எச்சரிக்கையும் எல்லா இடத்துலயும் செல்லாது. ஆப்பிரிக்காவுல குவெனான்னு ஒரு பெரிய கூட்டம், மூஞ்சியில மீசை தாடி பொட்டுன்னு வேஷம் கட்டின மாதிரி இருக்கும், அதுல 48ல ஆரம்பிச்சு 72 வரைக்கும் போகுது, உடைஞ்சு உடைஞ்சு எண்ணிக்கை ஏறிக்கிட்டே போயிருக்கு. எது எந்த இடத்துல உடைஞ்சிருக்குன்னு பாத்து வம்சாவளி போட்டாங்க. தரையில நடமாடுற வெர்வெட்டும் பாட்டாஸும் (பட்டாசு இல்ல, பாட்டாஸ்னு ஒரு குரங்கு) ஒரே கிளைன்னு குரோமோசோம்ல வந்துச்சு, அப்புறம் டிஎன்ஏ படிச்சவங்களும் அதையே சொன்னாங்க. ஆனா அதே கூட்டத்துல தான்சானியாவோட கோம்பே காட்டுல, ஜேன் குடால் சிம்பன்சி பாத்த இடம், 72 இருக்கிற நீலக் குரங்கும் 66 இருக்கிற செவ்வால் குரங்கும் கலந்து குட்டி போடுது, அந்தக் குட்டிக்கும் குட்டி பிறக்குது. இவ்ளோ வித்தியாசம் இருந்தா நடக்காதுன்னு நான் சத்தியம் பண்ணியிருப்பேன். இயற்கை நம்ம சத்தியத்தையெல்லாம் கேக்குறதில்ல.

இதுக்கு நேர் எதிரா மக்காக். எல்லாம் 42, பேண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, நாட்டுக்குரங்கு ஸ்லைடையும் சிங்கவால் குரங்கு ஸ்லைடையும் பேரு எழுதாம கொடுத்தா நான் முழிப்பேன். அங்க குரோமோசோம் மேப்பால ஒண்ணும் ஆகாது, டிஎன்ஏ எழுத்தைத்தான் படிக்கணும். ரீசஸோடது 2007ல வெளிவந்துச்சு. பெயிண்டிங்லயும் ஒரு குறை இருக்கு, எந்தத் துண்டு எங்க இருக்குன்னு காட்டும், அது நேரா இருக்கா தலைகீழா திரும்பி இருக்கான்னு காட்டாது, அதுக்குச் சின்னச் சின்ன துண்டா அடையாளம் போட்டு வரிசை பாக்கணும். அப்படிப் பாத்தப்பதான் மக்காக்ல ஒன்பது குரோமோசோம்ல இடுப்பு பழைய இடத்துல இல்லாம புது இடத்துல முளைச்சிருக்குன்னு தெரிஞ்சுது, அதுவும் 2007லதான். ஜீன் வரிசை அப்படியே இருக்கு, இடுப்பு மட்டும் இடம் மாறியிருக்கு. பேண்டை மட்டும் பாத்துக்கிட்டிருந்த நாங்க இதையெல்லாம் தலைகீழாத் திரும்பினதுன்னு எழுதியிருப்போம்.

இன்னொரு விஷயம், அந்தப் பெட்டிக்கு மேல கட்டுரையில குரங்குல இருந்து மனிதன் வந்தான்னு பெரிய எழுத்துல தலைப்பு. இதைப் படிச்சுட்டுத்தான் டீக்கடையில அப்புறம் ஏன் இந்தக் குரங்கெல்லாம் இன்னும் மனுஷன் ஆகலன்னு கேக்குறாங்க. மதில் மேல இருக்கிற அந்தக் குரங்கு நமக்குத் தாத்தா இல்ல சார், தூரத்துப் பங்காளி. பிரிஞ்சு 2.5 கோடி வருஷம். சிம்பன்சி கிட்டத்துப் பங்காளி, 60, 70 லட்சம் வருஷம்தான் ஆச்சு. பாகம் பிரிச்ச அப்புறம் அவங்க நிலத்தை அவங்க ஒட்டினாங்க உடைச்சாங்க, நம்ம நிலத்தை நம்ம. பெரியப்பா பையனைப் பாத்து நீ ஏன் இன்னும் நானா மாறலன்னு யாராவது கேப்போமா?

பேத்திகிட்ட உருளைக்கிழங்குக் கேள்விக்கு என்ன சொன்னேன்னா, பத்திரம் எண்ணாத, சர்வே நம்பர் படின்னு சொல்லி அந்த சாக்பீஸ் கணக்கைப் போட்டேன். அவ உங்க பெட்டியில குரங்குக்கு நேரா இருந்த 48ஐ அடிச்சுட்டு 42னு எழுதி, பக்கத்துல 7 கூட 21னு ஒரு குட்டிப் படம் வரைஞ்சு வச்சிருக்கா. நாளைக்கு ஸ்கூல்ல அவங்க மிஸ் பேப்பர்ல 48னு போட்டிருக்கு நீ எப்படி 42னு எழுதினன்னு கேட்டா அவளுக்கு மார்க் போயிரும். அதனால வர்ற ஞாயித்துக்கிழமை அதே சிறுவர் பக்கத்துல, அதே இடத்துல, கண்ணுக்குத் தெரியிற எழுத்துல ஒரு திருத்தம் போடுங்க. படத்தை மாத்த வேண்டாம், நல்லாத்தான் இருக்கு, நம்பரை மட்டும் மாத்துங்க, அந்தக் கடைசி வரியைத் தூக்கிருங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரை விடாம வாங்குற ஒரு ரிட்டயர்டு லேப் டெக்னீஷியன்,
திருச்சி.